விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வருபவர்களை ஏன் விரட்டுகிறார்கள்?

நீங்கள் கேட்டது இது: தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி முதல் கட்டுரை எழுதினீர்கள். இரண்டு மணி நேரத்தில் அதை நீக்கிவிட்டார்கள். மற்றவர்கள் உங்களுக்குச் செய்தி விடும் பேச்சுப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. "புதுசா வர்றவங்களை இப்படித்தான் நடத்துவாங்களா, இல்ல நான்தான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீக்கியது சரியா என்பது ஒன்று. நீக்கிய விதம் சரியா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இங்கிருந்து பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் நீக்கிய பக்கத்தை நிர்வாகிகள் மட்டுமே திறந்து பார்க்க முடியும். அதில் தவறு எங்கே இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கும் வழியை மட்டும் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் திரையிலிருந்து தொடங்கலாம். சுற்றுக்காவல் செய்பவர், அதாவது புது மாற்றங்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர், 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். வரிசையாக வரிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் ஒரு பக்கத்தின் பெயர், நேரம், எத்தனை பைட்டு கூடியது அல்லது குறைந்தது என்ற எண், ஒரு பயனர் பெயர். புதியவருடைய பயனர் பெயர் சிவப்பில் இருக்கும், ஏனென்றால் அவர் தன் பயனர் பக்கத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை. பழையவர்களின் பெயர்கள் நீலத்தில் இருக்கும். இந்த நிற வேறுபாடு மென்பொருளின் தற்செயலான குணம். ஆனால் ஆண்டுக்கணக்கில் அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சிவப்புப் பெயர் என்றாலே 'இதைத் திறந்து பார்' என்று ஓர் அனிச்சை வந்துவிடுகிறது. அவர் உங்களைப் பார்க்கவில்லை. நீங்கள் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியதும், பாட்டியிடம் கேட்டுத் தலபுராணம் திரட்டியதும் அந்தத் திரையில் தெரியாது. மேற்கோள் இல்லாத, 'அருள்மிகு', 'வேண்டுவோருக்கு வேண்டும் வரம் தரும்' என்ற சொற்கள் நிறைந்த ஒரு புதுப் பக்கம் மட்டுமே தெரியும். அதே ஒரு மணி நேரத்தில் ஒரு ரியல் எஸ்டேட் விளம்பரம், ஒரு நடிகரின் பக்கத்தில் கெட்ட வார்த்தை, யாரோ வெறும் 'ஹாய்' என்று தட்டிவிட்டுப் போன பக்கம் எல்லாவற்றையும் அவர் துடைத்திருப்பார். உங்களுடையதும் அதே துடைப்பத்தில் போய்விட்டது. நடந்ததை இது விளக்கும், நியாயப்படுத்தாது.

இந்தத் துடைப்பம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியபோது யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம், தப்பென்றால் அடுத்தவர் திருத்துவார் என்ற நம்பிக்கையே அடிப்படை. 2005-இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்க இதழாளரைக் கென்னடி கொலைகளோடு தொடர்புபடுத்தி யாரோ விளையாட்டாக எழுதிய பொய், நான்கு மாதங்களுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் ஆங்கில விக்கிப்பீடியாவில் கிடந்தது. அது வெளியே வந்து பெரிய சர்ச்சையானதும், அந்த ஆண்டு டிசம்பரிலேயே, கணக்கு இல்லாதவர்கள் அங்கே புதுக் கட்டுரை தொடங்குவதை நிறுத்தினார்கள். பிறகு கருவிகள் வந்தன. ஹகிள் என்ற கருவியில் ஒரே விசையைத் தட்டினால் போதும்: புதியவரின் மாற்றம் பழைய நிலைக்குத் திரும்பும், அவருடைய பேச்சுப் பக்கத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேரும், அடுத்த ஆளின் மாற்றம் திரையில் வந்து நிற்கும். குளூபாட் என்ஜி என்ற தானியங்கிக்கு விசையைத் தட்ட ஆள்கூட வேண்டாம், நொடிகளில் வேலையை முடித்துவிடும். நாசவேலையைத் தடுப்பதில் இவை அபாரமானவை. அவற்றுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: தெரியாமல் தவறு செய்தவரையும் வேண்டுமென்றே கெடுத்தவரையும் வேறு வேறு குரலில் கூப்பிடுவது.

விளைவு எண்களில் தெரிந்தது. மாதத்துக்கு ஐந்து தொகுப்பாவது (பக்கத்தில் செய்யும் மாற்றம்) செய்யும் பயனர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-இல் சுமார் 51,000 பேர். 2013-இல் அது ஏறக்குறைய 31,000. ஆரன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, புதிதாக வருபவர்களின் தரம் குறைந்துவிட்டதா என்று மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. குறையவில்லை. நல்லெண்ணத்தோடு வருபவர்களின் விகிதம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. கூடியது அவர்களுடைய முதல் தொகுப்புகள் நிராகரிக்கப்படும் விகிதம். அப்படி நிராகரிக்கப்பட்டவர்கள் திரும்பி வருவது குறைந்தது. இது வலுவான சான்று உள்ள செய்தி. ஆனால் இதிலிருந்து 'பழையவர்கள் கொஞ்சம் இனிமையாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று தாவுவது நிச்சயமில்லாத இடம். மனம் நொந்து போகக் காரணம் கடுமையான சொல்லா, எழுதியது அழிந்துபோனதா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. இரண்டும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒரே ஆளின் கையால் நடக்கின்றன. ஆங்கிலத்தில் 2012-இல் 'தேநீர் விடுதி' என்ற பெயரில் புதியவர்கள் கூச்சமில்லாமல் கேள்வி கேட்கும் ஓரிடத்தைத் தொடங்கினார்கள். அங்கே அழைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் தங்கினார்கள் என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. வரவேற்புக்குப் பலன் உண்டு என்ற அளவுக்கு இதை நம்பலாம்.

ஆங்கிலக் கணக்கை அப்படியே தமிழுக்குப் பொருத்தக் கூடாது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. ஆனால் அன்றாடம் காவல் பார்ப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆசிரியர், பொறியாளர், ஓய்வுபெற்றவர், கல்லூரி மாணவர் என்று எல்லாரும் சம்பளமில்லாமல் இரவு பத்து மணிக்கு மேல் செய்கிற வேலை இது. அதோடு ஒரு பழைய காயமும் உண்டு. 2009-இல் தொடங்கிக் கூகுள் நிறுவனம் கூலி மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு தமிழ் உட்பட சில இந்திய மொழிகளில் கட்டுரைகளைக் கொட்டியது. நீளமான கட்டுரைகள், ஆனால் வாசிக்க முடியாத வாக்கியங்கள், துப்புரவு செய்யும் பாரம் முழுதும் தன்னார்வலர் தலையில். தமிழ் விக்கிப்பீடியர்கள் இதை 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா என்ற விக்கிப்பீடியர்களின் உலக மாநாட்டிலேயே எடுத்து வைத்தார்கள். ஆகவே திடீரென்று நீளமான, இயந்திர வாடை அடிக்கும் கட்டுரையோடு ஒருவர் வந்தால் அங்கே புருவம் உயர்வதற்குக் காரணம் இருக்கிறது.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல், எச்சரிக்கைப் பெட்டியின் மொழி. 'தங்களது கட்டுரை நீக்கப்பட்டுள்ளது. தொடர்ந்து இவ்வாறு செய்தால் தாங்கள் தடை செய்யப்படலாம்.' மரியாதைக்குக் குறைவில்லை, 'தாங்கள்' கூட இருக்கிறது. ஆனால் எல்லாமே செயப்பாட்டு வினை. யார் நீக்கினார், யார் தடுப்பார் என்பது வாக்கியத்தில் கிடையாது. நம் ஊரில் ஆளில்லாத வாக்கியம் பேசுவது தாலுகா ஆபீஸ் நோட்டீசும் மின்வாரிய இணைப்புத் துண்டிப்புச் சீட்டும்தான். வாசிக்கிறவர் மனதில் அந்த நினைவு எழும்போது 'தாங்கள்' என்பதே ஏளனமாகக் கேட்கிறது. எழுதியவருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது. பத்து ஆண்டுகளுக்கு முன் யாரோ ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து வைத்த வார்ப்புருவை ஒரு சொடுக்கில் ஒட்டியிருப்பார். உங்களுக்கு வந்த பெட்டியும் அப்படிப்பட்டதுதான் என்றால், அதில் தனிப்பட்ட கோபம் எதையும் தேடாதீர்கள்.

இப்போது காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை. நீக்கிய கட்டுரையின் தலைப்பையே விக்கிப்பீடியாவில் மறுபடி தேடித் திறந்தால், அந்த இடத்தில் நீக்கல் பதிவு தெரியும். எப்போது, யார், என்ன காரணம் என்று ஒரு வரி இருக்கும். கோயில் கட்டுரைகளில் அநேகமாக நான்கில் ஒன்று. முதலாவது பதிப்புரிமை: கோயில் இணையதளத்திலிருந்தோ, ஆன்மிக இதழிலிருந்தோ பத்தி பத்தியாக எடுத்திருப்பது. இதற்கு மன்னிப்பே கிடையாது, உடனே போய்விடும். உங்கள் சொந்த வலைப்பதிவிலிருந்து எடுத்திருந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் அந்த எழுத்தை நீங்கள் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டதற்கான அறிவிப்பு அங்கே இருக்காது. இரண்டாவது விளம்பரத் தொனி: திருப்பணிக்கு நன்கொடை எண், பூசாரியின் கைப்பேசி. மூன்றாவது மேற்கோள் இல்லாமை. நான்காவது, விக்கிப்பீடியாவில் 'குறிப்பிடத்தக்கமை' என்று சொல்கிறார்களே, அது. பதிப்புரிமைச் சிக்கல் இல்லையென்றால், நீக்கிய உரையை உங்கள் பயனர்வெளியில் (உங்கள் பெயரில் உள்ள சொந்தப் பக்கங்களில்) ஒரு வரைவாக மீட்டுத் தரச் சொல்லி நிர்வாகியிடம் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

இந்த நான்காவது காரணம்தான் புதியவர்களை மிகவும் புண்படுத்துகிறது. 'என் கோயில் முக்கியமில்லையா?' அந்தச் சொல்லுக்கு அங்கே வேறு பொருள். கோயில் பெரிதா சிறிதா என்பது கணக்கே இல்லை. அதோடு தொடர்பில்லாத யாராவது அதைப் பற்றி நம்பகமான இடத்தில் எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத்துக்கே இது நேர்ந்தது. தன் நாவலின் பாத்திரம் யாரை வைத்து உருவானது என்று விக்கிப்பீடியாவில் இருந்த தகவல் தவறு என்று சொல்லிப் பார்த்தார். எழுதியவர் நீங்கள்தான், இருந்தாலும் வேறு மூலம் வேண்டும் என்று பதில் வந்தது. 2012-இல் அவர் நியூயார்க்கர் இதழின் இணையதளத்தில் நீண்ட திறந்த மடல் எழுதினார். அந்த மடல் ஒரு மூலமாகிவிட்டதால் அதை மேற்கோள் காட்ட வழி பிறந்தது. வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் விதியின் இயல்பு அதில் பளிச்சென்று தெரிகிறது: உங்களுக்குத் தெரியும் என்பது போதாது, வாசிப்பவர் போய்ச் சரிபார்க்க ஓரிடம் வேண்டும். பாட்டி சொன்ன தலபுராணம் பொய் என்று யாரும் சொல்லவில்லை, சரிபார்க்க வழியில்லை என்கிறார்கள். இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எடுத்துச் சொல்லாமல் பெட்டியை மட்டும் ஒட்டிவிட்டுப் போவதுதான் பழையவர்களின் பிழை.

காவல்காரர்கள் தவறுவதும் உண்டு. கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்டைப் பற்றிய ஒரு வரைவு 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் நிராகரிக்கப்பட்டது. கொடுத்த மேற்கோள்கள் போதவில்லை என்பது காரணம். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி அவருக்கு இயற்பியல் நோபல் அறிவித்தார்கள். நிராகரித்தவர் மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை, இருந்த மேற்கோள்களை வைத்து விதிப்படிதான் நடந்தார். ஆனால் நிராகரிக்க எடுத்த நேரத்தில் ஒரு தேடல் செய்திருந்தால் வேறு மூலங்கள் கண்ணில் பட்டிருக்கும். மரியாதையாகப் பேசிக்கொண்டே தவறான முடிவு எடுக்கலாம், முரட்டுத்தனமாகப் பேசியவர் சரியாகவும் இருக்கலாம். கோபத்தில் இருக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் கடினம்.

அடுத்து என்ன செய்வது? முதலில், எதைச் செய்யக் கூடாது. நீக்கிய கட்டுரையை அப்படியே மறுபடி ஏற்றாதீர்கள். ஏற்கெனவே உள்ள பக்கத்தில் உங்கள் மாற்றத்தை யாராவது திருப்பினால் நீங்களும் திருப்பிக்கொண்டே போகாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் திருப்பினால் தடை வரும், நியாயம் உங்களிடம் இருந்தாலும். எந்த விக்கியிலும் தொகுத்தல் போருக்கு மதிப்பில்லை. இன்னொரு கணக்கைத் தொடங்கி வராதீர்கள். அதற்குக் 'கைப்பாவை' என்று பெயர், கண்டுபிடிக்கத் தொழில்நுட்ப வழி உண்டு, கண்டுபிடித்தபின் உங்கள் நியாயம் எதுவும் எடுபடாது. வாட்சாப் குழுவில் ஊர்க்காரர்களைத் திரட்டி ஆதரவு எழுதச் சொல்லாதீர்கள். பத்துச் சிவப்புப் பெயர்கள் ஒரே நாளில் வந்து ஒரே விஷயத்தைச் சொன்னால், காவல்காரருக்கு இருந்த லேசான சந்தேகம் உறுதியாகிவிடும். வழக்குப் போடுவேன் என்று எழுதாதீர்கள், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே தடுத்துவிடுவார்கள்.

செய்ய வேண்டியது ஒரு செய்தி. நீக்கியவரின் பேச்சுப் பக்கத்தில் நான்கு வரி போதும். 'வணக்கம். இன்ன தலைப்பில் நான் எழுதிய கட்டுரையை மேற்கோள் இல்லை என்று நீக்கியிருக்கிறீர்கள். இந்த இரண்டு மூலங்கள் என்னிடம் உள்ளன. இவை போதுமா? போதும் என்றால் உரையை என் மணல்தொட்டிக்கு மீட்டுத் தர முடியுமா?' மணல்தொட்டி என்பது உங்கள் பயனர்வெளியில் எழுதிப் பார்க்கும் பக்கம். செய்தியின் முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும். 'ஐயா', 'சார்', 'அண்ணா' என்று எதுவும் தேவையில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் பத்தொன்பது வயதுப் பெண்ணாக இருக்கலாம், எழுபது வயதுத் தாத்தாவாகவும் இருக்கலாம், பயனர் பெயரை வைத்து ஊகிப்பதைவிட 'வணக்கம்' பாதுகாப்பானது. பிறகு ஒரு வாரம் பொறுங்கள். பதில் வராவிட்டால் 'ஒத்தாசைப் பக்கம்' அல்லது 'ஆலமரத்தடி' என்ற பொதுப் பக்கங்களில் கேளுங்கள். அங்கே பலர் பார்ப்பார்கள், ஒருவர் மனநிலையை நம்பியிருக்க வேண்டியதில்லை.

காத்திருக்கும் நாட்களில் உங்கள் பயனர் பக்கத்தில் எந்தத் துறையில் ஆர்வம் என்று இரண்டு வரி எழுதுங்கள். சிவப்புப் பெயர் நீலமாகிவிடும். அற்பமான காரியம்தான், ஆனால் திரையில் உங்கள் மேல் விழும் முதல் பார்வை மாறிவிடும். அப்புறம் சின்னச் சின்னத் தொகுப்புகள் பத்து இருபது செய்யுங்கள்: வேறு கட்டுரைக்கு ஒரு மேற்கோள், ஓர் ஒற்றுப்பிழை, நீங்களே எடுத்த ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் தொகுப்புச் சுருக்கத்தில் என்ன செய்தீர்கள் என்று மூன்று சொல் எழுதுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2018 முதல் நான்கு நாளும் பத்துத் தொகுப்பும் ஆன கணக்குகள்தான் நேரடியாகக் கட்டுரை தொடங்க முடியும். தமிழில் விதி எப்படி இருந்தாலும் அந்தக் கணக்கை நீங்களாகவே வைத்துக்கொள்வது நல்லது. புதுக் கட்டுரை என்பது அங்கே இருப்பதிலேயே கடினமான வேலை. எல்லாரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள் என்பதே பாதிப் பிரச்சினை.

எழுத்துத் திருத்துவதில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடங்கி வளர்த்தவர்களில் ஈழத்தமிழர்களின் பங்கு பெரிது. 'ரொறன்ரோ' என்று கண்டால் பிழை என்று நினைத்து 'டொராண்டோ' ஆக்கிவிடாதீர்கள், அது இலங்கை வழக்கு. கிரந்த எழுத்தைச் சேர்ப்பதும் எடுப்பதும் இதே வகை. இவற்றில் பழைய, நீண்ட விவாதங்கள் கிடக்கின்றன. தெரியாமல் கை வைத்தால் நீங்கள் ஒரு தரப்புக்காக வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் முரட்டுத்தனம் வந்தால்? உண்மையான முரட்டுத்தனத்துக்கு அடையாளங்கள் உண்டு. பேச்சு எழுத்தை விட்டு ஆளைப் பற்றித் திரும்புவது: 'உமக்குத் தமிழே தெரியவில்லை, இதில் கட்டுரை வேறு.' உங்கள் சாதி, மதம், ஊர், நாடு பற்றிய குத்தல். நீங்கள் தொடும் எல்லாப் பக்கங்களுக்கும் பின்னாலேயே வந்து காரணமில்லாமல் திருப்புவது. எல்லாவற்றிலும் மோசமானது, தானே வாக்குவாதத்தில் ஒரு கட்சியாக இருந்துகொண்டு தன் நிர்வாகி உரிமையைப் பயன்படுத்தி உங்களைத் தடுப்பது. 2021-இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை எல்லா விக்கிகளுக்கும் பொதுவாக ஒரு நடத்தை நெறி கொண்டுவந்தது. அதில் அவமதிப்பும் தொல்லை தருவதும் மட்டுமல்ல, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதும் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கிறது. புகார் செய்வதென்றால் உணர்ச்சியைக் குறைத்துச் சான்றைக் கூட்டுங்கள். பக்க வரலாற்றில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிலையான ஒரு வேறுபாட்டு இணைப்பு இருக்கும். திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அனுப்புவதைவிட அந்த இணைப்பு வலுவானது, யாரும் மறுக்க முடியாது. மூன்று இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், இதில் தொடர்பில்லாத வேறொரு நிர்வாகியிடம். சின்னச் சமூகத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால் இது எப்போதும் பலிக்கும் என்று வாக்குத் தர மாட்டேன். ஆனால் பதிவில் நிற்கும், அடுத்த முறை அதே ஆள் அதையே செய்யும்போது உதவும்.

இதை வாசிக்கும் பழைய பயனர்களுக்கும் ஒன்று. 'புதியவர்களைக் கடித்துவிடாதீர்கள்' என்ற வழிகாட்டல் உங்களுக்குத் தெரியும். அதற்கு நடைமுறையில் ஆகும் செலவு ஓர் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். வார்ப்புருவுக்குக் கீழே சொந்தக் கையால் இரண்டு வரி: எது நன்றாக இருந்தது, எதைச் சேர்த்தால் கட்டுரை நிற்கும். பதிப்புரிமை மீறலோ அவதூறோ இல்லாத பட்சத்தில் நீக்குவதற்குப் பதிலாக அவருடைய பயனர்வெளிக்கு நகர்த்திவிடலாம், வேலையும் அழியாது, கட்டுரை வெளியும் சுத்தமாக இருக்கும். 'நீக்கப்பட்டது' என்பதை 'நீக்கினேன்' என்று மாற்றினாலே பாதி நோட்டீஸ் வாடை போய்விடும்.

திரும்ப உங்கள் கோயிலுக்கு வருகிறேன். வாக்கியம் எழுதுவதற்கு முன் மூலம் தேடுங்கள். கல்வெட்டு இருந்தால் இந்தியத் தொல்லியல் துறை 1890 முதல் வெளியிட்டு வரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் உங்கள் ஊர்ப் பெயரைப் பாருங்கள், பழைய எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். மாவட்ட விவரச்சுவடி, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய தலவரலாற்று நூல்கள், குடமுழுக்குச் செய்தி வந்த நாளிதழ் என்று பாருங்கள். நாளிதழ் என்றால் பெயர், தேதி, பதிப்பு, பக்க எண் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நறுக்குகளில் தேதி இருக்கிற மேல் ஓரத்தைத்தான் முதலில் வெட்டிப் போட்டிருப்பார்கள். கோயில் நிர்வாகம் அச்சிட்ட குடமுழுக்கு மலர் தேதி, உபயதாரர் போன்ற சின்னத் தகவலுக்கு உதவும், குறிப்பிடத்தக்கமைக்கு உதவாது. சார்பற்ற மூலம் இரண்டு தேறினால் மணல்தொட்டியில் எட்டுப் பத்து வாக்கியம் எழுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் மேற்கோள் வைத்து, 'அருள்மிகு'வை எடுத்துவிட்டு ஒத்தாசைப் பக்கத்தில் காட்டுங்கள். ஒன்றும் தேறவில்லையென்றால் உங்கள் ஊர்க் கட்டுரையில் கோயிலுக்கென்று ஒரு பத்தி போதும். தலபுராணத்தைப் பாட்டி குரலிலேயே பதிவு செய்து வேறிடத்தில் வையுங்கள், அதற்குக் கலைக்களஞ்சியம் சரியான இடமல்ல.